கால் எரிச்சலுக்கு அமினோ அமிலம் பலன் தருமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. 14 வருடமாகச் சர்க்கரை நோய். இரவில் படுத்தால் இரண்டு பாதமும் திகுதிகுவென்று எரிகின்றன, விரல் நுனியில் ஊசி குத்துகிறது. எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலப் பவுடர் சாப்பிட்டால் ரத்தக்குழாய் விரிந்து நரம்புக்கு ரத்தம் போகும், எரிச்சல் போய்விடும் என்கிறார் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் நண்பர். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் ஒரு என்சைம் ஆர்ஜினினை எடுத்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அந்த வாயு குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நரம்புக்கு உணவளிக்கும் நுண்ணிய குழாய்கள் கெடுவது சர்க்கரை நோயாளியின் நரம்புப் பாதிப்புக்கு ஒரு காரணம் என்பதும் உண்மை.

இரண்டாம் பாதியில்தான் கணக்கு உதைக்கிறது. சர்க்கரை நோயில் நைட்ரிக் ஆக்சைடு குறைவதற்கு முக்கியக் காரணம் ஆர்ஜினின் தட்டுப்பாடு அல்ல. சாதாரண உணவிலிருந்தே ஒருவருக்குத் தினம் சுமார் 4 முதல் 6 கிராம் ஆர்ஜினின் கிடைக்கிறது, உடலும் தன் பங்குக்குத் தயாரிக்கிறது. ஆனால் உயர்ந்த சர்க்கரையால் பெருகும் ஆக்சிஜன் கழிவுகள் உருவான நைட்ரிக் ஆக்சைடையே அழித்துவிடுகின்றன. ஏ.டி.எம்.ஏ. என்கிற பொருள் அந்த என்சைமை மறிக்கிறது. ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு என்சைம் ஆர்ஜினினை வேறு பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்த மூன்றும் அப்படியே இருக்கும்போது மேலே இன்னும் 3 கிராம் கொட்டுவதால் பெரிய மாற்றம் வருவதில்லை. போதாததற்கு, வாயால் சாப்பிடும் ஆர்ஜினினில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே சிதைத்துவிடும்.

பரிசோதனை முடிவுகளும் இதையே சொல்கின்றன. காலில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 133 பேரிடம் தினம் 3 கிராம் வீதம் ஆறு மாதம் ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. வலி தாங்காமல் நிற்கும்வரை நடக்கும் தூரம் ஆர்ஜினின் சாப்பிட்டவர்களுக்கு 11.5 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 28.3 சதவீதம் கூடியது! அதற்கு முந்தைய வருடம் வந்த ஆய்வு இன்னும் கவலைக்குரியது. மாரடைப்பு வந்து தேறிய 153 பேரில் ஒரு பாதிக்கு 3 கிராம் வீதம் தினம் மூன்று வேளை ஆர்ஜினின் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆறு பேர் இறந்தார்கள், மறு பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிக்கு நான் ஆர்ஜினின் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ, ஆண்மைக் குறைவுக்கு சில்டினாஃபில் வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆர்ஜினின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரியக்கூடும். ஒரே வேளையில் 9 கிராமைத் தாண்டினால் பலருக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எரிச்சலுக்காக இதை வாங்க வேண்டாம். எரிச்சலைக் குறைக்க டுலாக்சடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2022-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் மூன்றில் எதில் தொடங்கினாலும், போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தாலும், வலி குறைந்த அளவு ஏறத்தாழ ஒன்றே. இவையும் நரம்பைப் புதுப்பிப்பதில்லை, வலியைத்தான் அடக்குகின்றன. ஆனால் தூக்கம் வரும். நெடுநாள் தூங்காதவருக்கு அதுவே பெரிய விஷயம்.

கேள்வி: ஆர்ஜினினைவிட, சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் நல்லது என்கிறார்களே?

பதில்: ரத்தத்தில் ஆர்ஜினின் அளவை உயர்த்துவதில் சிட்ருலின் கெட்டிக்காரன்தான். குடலிலும் கல்லீரலிலும் சிதையாமல் தப்பி, சிறுநீரகத்தில் போய் ஆர்ஜினினாக மாறுகிறது. ஆனால் மேலே சொன்ன மூன்று தடைகளும் அதற்கும் உண்டு. சர்க்கரை நோயாளியின் கால் நரம்புக்கு அது உதவுகிறது என்று காட்டும் பெரிய ஆய்வு கிடையாது.

கேள்வி: என் பாதம் எனக்கு ஐஸ் மாதிரி இருக்கிறது. வீட்டில் தொட்டுப் பார்த்தவர்கள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். இது ரத்த ஓட்டக் கோளாறா, நரம்புக் கோளாறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சத்து மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நரம்புக் கோளாறு வேறு, ரத்தக்குழாய் அடைப்பு வேறு. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் வைத்தியம் வேறு வேறு.

தொட்டால் சூடு, உள்ளே குளிர் என்றால் பெரும்பாலும் நரம்பு பொய் சொல்கிறது. வெப்பத்தை உணரும் மெல்லிய நரம்பிழைகள் கெட்டதால் வரும் மாயக் குளிர் அது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரத்தக்குழாயின் இறுக்கத்தையும் வியர்வையையும் கவனிக்கும் தானியங்கி நரம்புகளும் கெடும்போது, தமனிக்கும் சிரைக்கும் நடுவே உள்ள குறுக்கு வழிகள் திறந்தே கிடக்கும். பாதம் சூடாக இருக்கும், புறங்காலில் சிரைகள் புடைத்துத் தெரியும், தோல் வியர்க்காமல் வறண்டு குதிகால் வெடிக்கும். ரத்தம் ஏராளமாக வந்தும் தோலின் நுண்குழாய்களுக்குள் போகாமல் திரும்பிவிடும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியும் வயலுக்கு மடை திறக்காத கதைதான். இந்தக் காலுக்கு 'ரத்த ஓட்டத்தைக் கூட்டும்' மாத்திரை கொடுத்து என்ன செய்ய?

நரம்புக் கோளாறு இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும். இரவில் கூடும், போர்வை உரசினால்கூடப் பொறுக்காது. எழுந்து நடந்தால் பலருக்குச் சற்றுக் குறையும். அடைப்பு வேறு மாதிரி. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை இறுகி வலிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். முற்றினால் படுக்கையில் பாதம் வலிக்கும், கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் தணியும். ஆனால் உணர்ச்சி குறைந்த காலில் அடைப்பின் வலிகூடத் தெரியாமல் போகலாம். 'எனக்கு நடந்தால் வலிக்கவில்லை, ஆகவே அடைப்பில்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

நாடியை நீங்களே பார்க்கலாம். ஆள்காட்டி, நடு விரல்களை வையுங்கள். கட்டைவிரலை வைத்தால் அதன் துடிப்பையே கால் நாடி என்று நினைத்துவிடுவீர்கள். கால் பெருவிரலை மேலே தூக்கினால் புறங்காலில் கயிறு மாதிரி ஒரு தசைநாண் எழும்பும் அல்லவா, அதற்குச் சற்று வெளிப்பக்கம் ஒரு நாடி. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், சற்றுக் கீழே இன்னொன்று. அழுத்தி நசுக்காமல் லேசாக வைத்துக் காத்திருங்கள். புறங்கால் நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. ஆனால் ஒரே காலில் இரண்டும் கிடைக்கவில்லை என்றால் பரிசோதனை அவசியம்.

அந்தப் பரிசோதனைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். கணுக்காலில் எடுத்த மேல் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த மேல் அழுத்தத்தால் வகுப்பது. கணுக்காலில் 102, கையில் 136 என்றால் 0.75. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு உண்டு. எடுக்கும் முறையில்தான் கோட்டை விடுகிறார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுத்து ஓய்வெடுத்த பிறகு, ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் சின்ன டாப்ளர் கருவி வைத்து, இரண்டு கையிலும் பார்த்து அதில் அதிகமானதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு நாடிகளிலும் பார்த்து அதிகமானதை எடுக்க வேண்டும். உட்காரவைத்து எடுத்தால் காலின் அளவு பொய்யாக உயர்ந்துவிடும்.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கால் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தால், பட்டையால் அழுத்தினாலும் குழாய் மடங்காது. அளவு 1.3, 1.4 என்று உயர்ந்து நிற்கும். இயல்பான எண்ணும் இப்படிக் கெட்டிப்பட்டதால் வந்ததாக இருக்கலாம். பெருவிரலின் குழாயில் இந்தச் சுண்ணாம்பு குறைவு. அதனால் சந்தேகம் இருந்தால் பெருவிரல் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். கை அழுத்தத்தோடு ஒப்பிட்டால் 0.7-க்குக் கீழே வருவது சரியல்ல. விரல் அழுத்தமே 30 மி.மீ.-க்குக் கீழே என்றால் காலுக்கே ஆபத்து.

நரம்பைப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி: இப்ஸ்விச் தொடு சோதனை. நீங்கள் கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி, இறகு படுவதைப்போல் தொட வேண்டும். தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, 'இப்போ தெரியுதா' என்று கேட்கவும் கூடாது. தொட்டதும் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்துவிட்டது. மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் உறுதிப்படுத்துவார்.

கேள்வி: என் அம்மாவுக்கு அசிடைல் எல்-கார்னிடின் 500 மி.கி. ஒரு வேளை எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகியும் வித்தியாசம் தெரியவில்லை. தொடரலாமா?

பதில்: அமினோ அமில வரிசையில் ஓரளவு ஆதாரம் உள்ளது இதுதான். கறாராகச் சொன்னால் இது லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து உடல் தயாரிக்கும் கார்னிடினின் ஒரு வடிவம். செல்லுக்குள் கொழுப்பை எரிபொருளாக்க உதவுகிறது. ரத்தக்குழாயை விரிக்கும் பொருளல்ல.

2005-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1257 பேர், 52 வாரம். ஒரு பிரிவுக்கு 500 மி.கி. மூன்று வேளை, இன்னொன்றுக்கு 1000 மி.கி. மூன்று வேளை. வலி குறைந்தது தினம் 3000 மி.கி. எடுத்த பிரிவில்தான். அதிர்வை உணரும் திறன் சற்றுத் தேறியது. நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தில் மாற்றமில்லை. 2019-இல் எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்த காக்ரேன் குழு, வலிக்கான ஆதாரத்தின் நம்பகம் மிகக் குறைவு என்றே எழுதியது. ஆக, அம்மா எடுக்கும் தினம் 500 மி.கி. என்பது பலன் தெரிந்த அளவில் ஆறில் ஒரு பங்கு. அதில் வித்தியாசம் தெரியாதது வியப்பல்ல.

அதற்காக நீங்களாகவே அளவைக் கூட்டிவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரம் கூடிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு ஹார்மோனின் வேலையைக் கார்னிடின் குறைக்கக்கூடும். வலிப்பு வந்தவர்களுக்கு ஏற்றதல்ல. புற்றுநோய்க்கு டாக்சேன் வகை ஊசி போட்டவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். அந்த மருந்தால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்க 409 பெண்களிடம் நடந்த ஆய்வில் (2013), தினம் 3000 மி.கி. எடுத்தவர்களுக்கு 24 வாரத்தில் பாதிப்பு கூடத்தான் செய்தது.

மருத்துவர் சம்மதித்து முழு அளவில் பார்ப்பதானால், தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினம் இரவு வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதுங்கள். அந்த நாட்களில் வேறு மருந்து, செருப்பு, தைலம் எதையும் புதிதாக மாற்றாதீர்கள். ஆறு மாதத்தில் சராசரி 2 புள்ளியாவது இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எழுதிவைக்காமல் நினைவை நம்பினால், நல்ல ஒரு வாரம் வந்ததும் 'கேட்கிறது' என்று தோன்றும். நரம்பு வலி இயல்பிலேயே ஏறி இறங்கும்.

கேள்வி: டாரின், பி.சி.ஏ.ஏ. (கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) இவற்றால் காலுக்குப் பலன் உண்டா?

பதில்: டாரின் எலிகளின் நரம்பில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களிடம் போதிய ஆதாரம் இல்லை. பி.சி.ஏ.ஏ. நரம்புக்கோ ரத்த ஓட்டத்துக்கோ செய்வது ஒன்றுமில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் ரத்தத்தில் அந்த அமிலங்கள் ஏற்கெனவே கூடுதலாகவே காணப்படுகின்றன. வாங்காதீர்கள்.

கேள்வி: ஆர்ஜினின் கலந்த பாதக் கிரீம் தடவினால்?

பதில்: கிரீம் தடவிப் பாதத்தின் வெப்பம் கூடியதாக 2004-இல் ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு வந்தது. வெப்பம் கூடுவது வேறு, புண் வராமல் தடுப்பது வேறு. வறண்ட பாதத்துக்குத் தேவை ஈரப்பதம். 10 சதவீத யூரியா கலந்த கிரீமோ வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ அதைச் செய்துவிடும். விரல் இடுக்கில் மட்டும் எதையும் தடவ வேண்டாம், ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். மென்தால், கற்பூரம் சேர்ந்த சூடேற்றும் களிம்புகளை உணர்ச்சி குறைந்த காலில் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பத்து வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். கால் மதமதப்புக்கு மீதைல்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்), ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், பி6, கார்னிடின் எல்லாம் ஒன்றாகக் கலந்த மாத்திரை போடுகிறேன். இது போதுமா?

பதில்: மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தத்தில் பி12 பார்த்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது, அளவும் வருடமும் கூடக்கூட வாய்ப்பு கூடும். பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு, இதே எரிச்சல்தான். ஒரு வேறுபாடு: சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பைத் திருப்புவது கடினம், பி12 குறைவைச் சீக்கிரம் பிடித்தால் நிறையவே திருப்பலாம். 200 பைகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை இரண்டுங்கெட்டான் நிலை, மீதைல்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை பார்த்தால் தெளிவாகும். மாத்திரை போட்டுக்கொண்டே பி12 பார்த்தால் எண் உயர்ந்துதான் வரும், அதைவைத்து முன்பு குறை இருந்ததா என்று சொல்ல முடியாது.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் அமினோ அமிலமல்ல. 600 மி.கி. காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முன்பு எடுத்தால் ஐந்து வாரத்தில் எரிச்சலும் குத்தலும் குறைந்ததாக 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. கலவை மாத்திரைகள் பலவற்றில் அது 100 அல்லது 200 மி.கி.தான் இருக்கும், அதையும் சாப்பாட்டுக்குப் பின் போடுவார்கள். மிக அரிதாக, இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகித் திடீரெனச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகள் உண்டு. காரணமில்லாமல் தாழ்நிலை வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அட்டையில் முதலில் தேட வேண்டியது பி6. பைரிடாக்சின் என்று போட்டிருக்கும். தினம் 100 மி.கி. அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6-யே நரம்பைக் கெடுத்து மதமதப்பு உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மி.கி.யாகக் குறைத்துவிட்டது. நரம்புக்காக மூன்று டப்பாக்கள் வாங்கியவர் மூன்றிலும் உள்ள பி6-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இன்சுலின் தொடங்கி மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 12.4-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது. ஆனால் கால் எரிச்சல் முன்பைவிடப் பயங்கரம். அதே சமயத்தில் தொடங்கிய அமினோ அமில மாத்திரைதான் காரணமா?

பதில்: மாத்திரையைவிட, சர்க்கரை இறங்கிய வேகத்தின் மேல்தான் என் சந்தேகம். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால், சிலருக்குச் சில வாரங்களில் கடுமையான நரம்பு வலி கிளம்பும். இறக்கம் 4 புள்ளியைத் தாண்டினால் வாய்ப்பு மிக அதிகம் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கு இறங்கியது 4.3.

பயந்துபோய் இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். வலிக்கான மருந்தை முறையாக எடுத்து, சர்க்கரையை இதே இடத்தில் நிலையாக வைத்தால் பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப்போகத் தணிகிறது, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இன்னொன்று, அவசரம்: இதே வேக இறக்கம் விழித்திரையையும் பாதிக்கும். இந்த வாரமே கண்ணைப் பரிசோதியுங்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அமினோ அமில மாத்திரையை நிறுத்தலாம், இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பாவின் பெருவிரலுக்கு அடியில் மூன்று வாரமாகப் புண். வலி இல்லை என்கிறார். புண் ஆற ஆர்ஜினின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்களும், லியூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் ஹெச்.எம்.பி.யும் கலந்த சாஷே தினம் இரண்டு கொடுக்கிறோம். சரியா?

பதில்: சாஷேயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வலி இல்லாத புண்தான் ஆபத்தான புண். வலி இல்லாததால் அதே இடத்தில் ஊன்றி நடந்துகொண்டே இருப்பார், ஒவ்வோர் அடியும் புண்ணை நசுக்கும். மூன்று வாரம் ஆறாத புண்ணை நாளைக்கே பாத நோய்ப் பிரிவிலோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். சிவப்பு பரவுதல், நாற்றம், காய்ச்சல், கறுப்பு நிறம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே போங்கள்.

அங்கே நடக்க வேண்டியவை: ஓரத்தில் தடித்த தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் உண்மையான அளவைப் பார்க்க வேண்டும். மழுங்கிய உலோகக் கம்பியால் ஆழத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எலும்பு தட்டினால் எலும்புவரை தொற்று இறங்கியிருக்கலாம். மேலே சொன்ன கணுக்கால், விரல் அழுத்தங்களை எடுக்க வேண்டும். பிறகு பாரத்தை நீக்குவது. பாதத்தின் அடிப்புறப் புண்ணுக்கு, அடைப்போ தொற்றோ மோசமாக இல்லையென்றால், முழங்கால்வரை வரும், கழற்ற முடியாத கட்டுதான் சிறந்தது. கழற்ற முடிகிற காலணி கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிட்டு நடக்கிறார்கள், புண்ணும் ஆறுவதில்லை.

இப்போது சாஷே. 2014-இல் 270 பேரிடம் 16 வாரம் இதைச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அடங்கிய பிரிவில் மட்டும் புண் கூடுதலாக ஆறியது. பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் அதை முழுசாக நம்பிவிட முடியாது. அப்பா மெலிந்து, சாப்பாடு இறங்காமல் இருந்தால் உணவு நிபுணரைக் கேட்டுக் கொடுக்கலாம். மாரடைப்பு வந்தவரா, சிறுநீரகம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுங்கள். அடைப்பு இருந்தால் பலூனோ பைபாஸோ செய்து ரத்தம் வரவைக்காமல் எந்தச் சாஷேயும் ஆற்றாது.

கேள்வி: கிரியாட்டினின் 2.1. அமினோ அமிலம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அமினோ அமிலம் சிதையும்போது வரும் நைட்ரஜன் கழிவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழும். ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு பொட்டாசியத்தையும் உயர்த்தக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு ராமிபிரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை எடுப்பவருக்கு அது இன்னும் ஆபத்து. எரிச்சலுக்கு எடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின் அளவையும் உங்கள் சிறுநீரகத்துக்குத் தக்கபடி குறைத்துத்தான் எழுத வேண்டும். எழுதுபவரிடம் கிரியாட்டினின் எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரை இல்லாமல் காலில் ரத்த ஓட்டத்தைக் கூட்ட வழி உண்டா? உணர்ச்சி குறைந்த காலோடு நடக்கலாமா?

பதில்: உண்டு, ஆர்ஜினின் தோற்ற இடத்தில் ஜெயித்தது நடைதான். அடைப்பு உள்ளவர், புண் இல்லையென்றால், ஆடுசதை ஓரளவு நன்றாக வலிக்கும்வரை நடந்து, வலி விடும்வரை நின்று, மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 நிமிடத்தில் தொடங்கி மெல்ல ஒரு மணி நேரம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். வலி தொடங்கியதுமே உட்கார்ந்துவிடுவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை. இதோடு புகையிலையை முழுக்க விடுவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தத்தட்டு ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவை அடைப்புக்கான உண்மையான மருந்துகள். மருத்துவர் எழுதியிருந்தால் விடாதீர்கள்.

அடைப்பில்லாமல் உணர்ச்சி மட்டும் குறைந்தவர், இப்போது நடப்பதைவிடத் தினம் 1000 அடி கூட்டலாம், பாதுகாப்பானதே. பழைய புண் இருந்தவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். காலணியின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, நின்றபடி அளவு பாருங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் 'கால் பிடிப்பாக இருக்கட்டும்' என்று ஒரு அளவு சிறிதாகவே தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் இறுக்கம் இருந்தால்தான் அவர்களுக்கு அணிந்திருப்பதே தெரிகிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் காலை நுழைக்குமுன் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டர், சூடான நீரில் கால் ஊறவைப்பது மூன்றும் கூடாது. நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

கேள்வி: ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது. புண் இல்லை, வலியும் அதிகமில்லை. ரத்த ஓட்டம் கூடிவிட்டதன் அடையாளமா?

பதில்: இல்லை. நடப்பதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த காலில் எலும்பும் மூட்டும் நொறுங்கத் தொடங்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். மறு பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் அல்லது மேலே சூடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதைச் சுளுக்கு, கீல்வாதம், தோல் தொற்று என்று தவறாக எண்ணி வாரக்கணக்கில் நடக்கவிட்டால் பாதத்தின் வளைவு சரிந்து உருக்குலைந்துவிடும். தொடக்கத்தில் எக்ஸ்-ரே இயல்பாகவே இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடையாமல் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். முழங்கால்வரை கட்டுப் போட்டு, இரண்டு பாதங்களின் வெப்பமும் வீக்கமும் சமமாகும்வரை, பெரும்பாலும் மாதக்கணக்கில், அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும்.